மாடு ஏலம் எடுக்கப் போகுமுன்



பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், தொட்டபள்ளாபுரம் பக்கம் காட்டி சுப்ரமண்யா கோயில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி வாக்கில் அங்கே பெரிய மாட்டுச் சந்தை கூடும். ஹள்ளிகார் காளைகள் சோடி சோடியாக வரும். சந்தையில் விலை பேசும் பழைய முறை உங்களுக்குத் தெரியும். தரகர் கை மேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்குள் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது.

ஏலம் அப்படியல்ல. அங்கே எல்லாம் வெளிச்சம். விலையை உரக்கக் கேட்பார்கள். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" அவ்வளவுதான், மாடு கைமாறிவிடும். தரகு இல்லை. மறைவும் இல்லை. அப்படியானால் ஏமாற்றமும் இல்லையா? இருக்கிறது. அது வேறு வழியில் வரும்.

சிக்கமகளூர் மாவட்டத்தில் அஜ்ஜம்புரா என்று ஓர் ஊர். அங்கே கர்நாடக அரசின் அமிர்தமகால் மாட்டுப் பண்ணை இருக்கிறது. மைசூர் உடையார்கள் காலத்தில் இந்த மந்தைக்குப் 'பெண்ணெ சாவடி' என்று பெயர். கன்னடத்தில் பெண்ணெ என்றால் வெண்ணெய். திப்பு சுல்தான் அதை 'அமிர்தமகால்' என்று மாற்றினார். அவருடைய படைக்குப் பீரங்கியும் சாமானும் இழுத்தவை இந்த மாடுகள். இன்றும் இவை காவல் என்னும் மேய்ச்சல் நிலங்களில் திறந்தவெளியில் வளர்கின்றன. மனிதக் கை அதிகம் பட்டதில்லை.

அஜ்ஜம்புராவில் காளைக் கன்றுகளை ஏலம் விடுவார்கள். விவசாயிகள் தூரத்திலிருந்தும் வந்து போட்டி போட்டு எடுப்பார்கள். இந்தக் கன்றுகள் குறையுள்ளவை அல்ல. பண்ணைக்குத் தேவையான காளைகளை நிறுத்திக்கொண்டு மிச்சத்தை விற்கிறார்கள். ஆக, நல்ல வம்சம், சுத்தமான இனம், பதிவேட்டில் கணக்கு எல்லாம் கிடைக்கும். ஆனால் வீட்டுக்கு ஓட்டி வந்த அன்றே ஏரில் பூட்ட முடியாது. முட்டும், உதைக்கும், கயிற்றை அறுக்கும். பழக்க மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். பழக்கத் தெரியாதவருக்கு அந்த நல்ல மாடே தொல்லை மாடாகிவிடும்.

இது ஒரு வகை. பால் மாட்டுப் பண்ணைகளில் நடக்கும் ஏலம் இன்னொரு வகை. அங்கே மிஞ்சிய மாடுகளோடு 'கழித்த' மாடுகளும் வரும். வயதானது, பால் குறைந்தது, சினை பிடிக்காதது, மடிநோய் வந்து ஒரு காம்பு அடைத்தது என்று பல காரணம். இரண்டும் ஒரே வரிசையில் நிற்கும். குளிப்பாட்டி நிறுத்தினால் இரண்டும் அழகாகத்தான் இருக்கும்.

ஆனேக்கல் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் ஏல நோட்டீசோடு வீட்டுக்கு வருகிறார். மனைவி கேட்கிறார்.

"என்னங்க, அதுல என்ன போட்டிருக்கு?"

"மாடு ஏலம்னு போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை."

"அது சரிங்க. எந்த மாட்ட விக்கிறாங்க? ஏன் விக்கிறாங்க? அடியில சின்ன எழுத்துல என்னவோ இருக்குதே, அதையும் படிங்க."

அந்த அம்மாள் கேட்டது சரியான கேள்வி. சின்ன எழுத்தில்தான் நிபந்தனைகள் இருக்கும். ஏலத்துக்கு முன் எவ்வளவு டெபாசிட் கட்டவேண்டும், மீதிப் பணத்தை எப்போது கட்டவேண்டும், மாட்டை எத்தனை நாளுக்குள் ஓட்டிப் போகவேண்டும் என்று எழுதியிருக்கும். 'உள்ளது உள்ளபடி ஏலம் விடப்படும்' என்று ஒரு வரியும் இருக்கும். அந்த வரியை இரண்டு முறை படியுங்கள். எடுத்த பிறகு குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதுதான் அதன் பொருள்.

கணவர் கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. அதை முழுக்க மாட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறார். மனைவி கணக்குப் போடச் சொல்கிறார். வண்டி வாடகை 4,000. ஒரு மாதத் தீவனம் 6,000. டாக்டருக்கும் மருந்துக்கும் 2,000. ஆக 12,000. மீதி 48,000. அதைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறார்.

ஏலக் களத்தில் இந்தச் சீட்டுத்தான் காப்பாற்றும். எதிரே ஒருவர் 500 ரூபாய் ஏற்றினால் நமக்கு ரோசம் வரும். வியாபாரிகள் சில இடங்களில் கூட்டுச் சேர்ந்துகொள்வார்கள். வேண்டுமென்றே விலையை ஏற்றிவிட்டு, கடைசியில் ஒதுங்கிக்கொள்வார்கள். மாடு உங்கள் தலையில் விழும். 48,000 தாண்டினால் கையைக் கீழே போட்டுவிடவேண்டும். வெறுங்கையோடு திரும்புவது வெட்கம் இல்லை.

ஏலத்துக்கு முதல் நாளே மாட்டைப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. கீழ்வாயில் பாருங்கள். இரண்டு பெரிய பல் இருந்தால் வயது இரண்டு, இரண்டரை இருக்கும். எட்டும் முளைத்துவிட்டால் நாலு வயதுக்கு மேல். தேய்ந்து போயிருந்தால் கிழடு. பலர் சுழியை அரைமணி நேரம் பார்ப்பார்கள். மடியை ஒரு நிமிடம் பார்க்கமாட்டார்கள்! பால் கறக்காமல் விட்டால் எந்த மடியும் பெரிதாகத்தான் தெரியும். கறந்து காட்டச் சொல்லுங்கள். நாலு காம்பிலும் பால் வரவேண்டும். முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக இருந்தால் மடிநோய்.

கன்று வீச்சு நோய் கண்ணுக்குத் தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அது மனிதருக்கும் தொற்றும். பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கோமாரி தடுப்பூசி போட்ட தேதியையும் கேளுங்கள். 2022இல் தோல் கழலை நோய் பரவியபோது கர்நாடகத்தில் மாட்டுச் சந்தைகளுக்கே தடை போட்டார்கள். பல ஊர் மாடு ஒரே இடத்தில் கூடினால் நோயும் கூடவே வரும்.

இப்போது மாட்டின் காதில் மஞ்சள் வில்லை போடுகிறார்கள். அதில் 12 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வோர் இலக்கமாகப் பாருங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் அங்கேயே திருத்தி வாங்குங்கள். காப்பீட்டுக்கு அது தேவை. வழியில் வண்டியை நிறுத்திக் கேட்டாலும் அதுதான் பதில் சொல்லும். கர்நாடகத்தில் 2021இல் கடுமையான பசுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வளர்க்க வாங்கிய மாடாக இருந்தாலும் காகிதம் கையில் இருக்கவேண்டும். ஓசூர்ப் பக்கம் எல்லை தாண்டுவதானால், என்னென்ன காகிதம் வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பம் கடைசியில் 46,500 ரூபாய்க்கு ஒரு கிடேரியை எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். வண்டியிலிருந்து இறக்கியதும் கணவர் அதைத் தொழுவத்தில் கட்டப் போனார். மனைவி தடுத்தார்.

"அங்க வேணாங்க. நம்ம லட்சுமியும் கன்னும் நிக்கிது. புளியமரத்தடியில தனியாக் கட்டுங்க. தண்ணித் தொட்டியும் தனியா வெக்கலாம்."

"எத்தன நாளைக்கு?"

"மூணு வாரம்."