ஜப்பான் வாளும் போலி வாளும்



சென்ற தீபாவளிக்குச் சுங்கை பட்டாணியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் நீண்ட வாள் ஒன்று தொங்கியது. "ஜப்பான் கேப்டனோட வாள், மாமா. தோட்டத்துல கிணறு தோண்டும்போது கிடைச்சதாம். எண்ணூறு வெள்ளி கொடுத்தேன்" என்றார் வீட்டுப் பிள்ளை. இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அது.

கெடாவில் இப்படிப்பட்ட கதையை எளிதில் நம்பிவிடுவோம். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை சயாம் எல்லையைக் கடந்து ஜித்ராவில் போரிட்டு, 13ஆம் தேதி அலோர்ஸ்டாரைப் பிடித்தது. பிறகு தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டனர், பலர் திரும்பவேயில்லை. ஆகவே ஜப்பான் வாள் என்றதும் நம் மனம் கலங்கிவிடுகிறது. கலங்கிய மனம் பேரம் பேசாது என்பது விற்பவருக்குத் தெரியும்.

முதலில் அந்தக் கிணற்றுக் கதையைப் பாருங்கள். நம் ஈர மண்ணில் ஒரு மண்வெட்டியை இரண்டு வருடம் புதைத்து வைத்தால் என்ன ஆகும்? 1945இல் புதைத்த வாள் துரு தின்று, உறை இற்றுத்தான் வெளிவரும். நான் கண்ட வாளோ பளபளவென்றிருந்தது.

அதன் பிடி கனத்த பித்தளை. ஜப்பானிய இராணுவம் 1935இல் சார்ஜெண்டு போன்றவர்களுக்கென்று ஒரு வாளை ஏற்றுக்கொண்டது. 95ஆம் மாதிரி என்று பெயர். ஆலையில் செய்தது. அதன் பிடி தொடக்கத்தில் செம்பிலும் பின்னர் அலுமினியத்திலும் வார்த்து, துணி சுற்றியதுபோல் வர்ணம் பூசியது. போரின் கடைசியில் மரப்பிடியும் வந்தது. வர்ணம் உரிந்த இடத்தில் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அலகில் பிடிக்கு அருகே வரிசை எண் இருக்கும். ஒவ்வொரு வாளுக்கும் தனி எண். உறையிலும் அதே எண் இருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து அலோர்ஸ்டாரில் ஒரு பழம்பொருள் கடையில் இன்னொரு வாளைப் பார்த்தேன். எண்ணைப் படித்ததும் திடுக்கிட்டேன். சுங்கை பட்டாணிச் சுவரில் தொங்கிய அதே எண்! ஒரே அச்சில் வார்த்தவை அவை.

அதிகாரிகளின் வாள் வேறு வகை. பிடியில் திருக்கை மீன் தோல் ஒட்டி, அதன்மேல் நாடா பின்னியிருப்பார்கள். குறுக்கே சிறு மூங்கில் ஆப்பு இருக்கும். அதைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வரும். பாராங்கு கத்தியின் வால் மரப்பிடிக்குள் செருகியிருக்கிறதல்லவா? அதே போன்ற வால் இங்கும் உண்டு. உண்மை சொல்வது அந்த வால்தான். அதைச் செய்த கொல்லர் மெருகேற்றுவதில்லை. வயதான வாலில் துரு கருப்பும் பழுப்புமாக, வழவழப்பாகப் படிந்திருக்கும். சில வால்களில் கொல்லர் பெயரும் வெட்டியிருக்கும். புது இரும்பு வெளுத்திருந்தாலோ, செந்துரு உதிர்ந்தாலோ நம்பாதீர்கள். வாலைக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

அலகின் வெட்டுமுனை ஓரமாக மேகம்போல் ஒரு வெண்கோடு ஓடும். களிமண் பூசிக் காய்ச்சி, நீரில் தோய்த்ததால் வருவது அது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே நுண்மணிகள் மின்னும். போலியில் அமிலத்தால் அரித்திருப்பார்கள்; சுண்ணாம்பு தடவியதுபோல் ஒரே வெண்மையாக இருக்கும். ஆனால் போர்க்காலத்தில் எண்ணெயில் தோய்த்துச் செய்த உண்மையான வாள்களில் இந்தக் கோடு மங்கலாகவே இருப்பதுண்டு. கோட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இன்னொரு செய்தி. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து வாள் உண்மையாகவே இருந்தால், தயவுசெய்து மணல்தாளால் தேய்க்காதீர்கள். சில அதிகாரிகள் குடும்பத்தில் வழிவழியாக வந்த பழைய அலகையே இராணுவப் பிடியில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். வாலின் துருவைச் சுரண்டினால் அதன் வயதும் மதிப்பும் அதோடு போய்விடும். மெல்லிய எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

வாளைக் கையிலெடுத்துக்கொண்டு கடை கடையாக மோட்டார் சைக்கிளில் அலையவும் கூடாது. பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். வீட்டில் வைத்திருப்பது பற்றிப் போலீஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணில் பழம்பொருள் ஏதேனும் கிடைத்தால், 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்தப் பிள்ளையிடம் இரண்டு எண்களையும் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ஆளு அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்துக்கு வர்றாராம், மாமா" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.