கருக்கும் நம் இளஞ்சிறாரும்

(மல்லாங்கிணற்றில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கதை படித்தல் காலத்தை வீணாக்குமென்றும், பிள்ளைகள் பாடப் புத்தகத்தைக் கற்றாலே போதுமென்றும் நம்மவருட் பலர் கருதுகின்றனர். யாமும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தோம். அக்கருத்து மாறிய விதத்தைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

சென்ற கோடை விடுமுறையில் எம் பேத்தி 'கருக்கு' என்னும் நூலைப் படித்தாள். பனையோடு வாழ்ந்த நம் குலத்தார்க்குக் கருக்கு இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை. மட்டையின் இருபுறமும் அரம்போல் அறுப்பது. 1992-இல் அந்நூலை வெளியிட்ட பாமா அம்மையார் நம் ஜில்லாவில், வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியிற் பிறந்தவர். தம் வாழ்க்கையையே கதைபோல் வரைந்திருக்கிறார். அதில் ஒரு சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையாற் பற்றாது, கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் கண்டு வேடிக்கையென்று சிரிக்கிறாள். அவர் தொட்டால் தீட்டு என்பதனாலேயே அவ்வாறு கொண்டு சென்றார் என்று அண்ணன் விளக்கியதும் அவள் சிரிப்பு மறைந்து சினம் பிறக்கிறது.

இதைப் படித்த எம் பேத்தி, "தாத்தா, நம் கிணற்றடி மாடத்தில் ஒரு டம்ளர் தனியே கவிழ்ந்திருக்கிறதே, அது யாருக்கு?" என்று வினவினாள். களையெடுக்க வரும் மூதாட்டிக்கென்று எம் தாயார் காலத்தில் ஒதுக்கிய டம்ளர் அது. யாம் விடை கூற இயலாது தலைகுனிந்தோம். எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டும் எம் கண்ணிற் படாததை ஒரு கதை அக்குழந்தைக்குக் காட்டிவிட்டது.

பெரியோர்களே! அவமானம் இன்னதென்று நாம் அறியாதவரல்லோம். 1897-இல் கமுதிக் கோயிலினுள் நம் முன்னோர் சென்றதற்காக வழக்குத் தொடரப்பட்டது. 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் நமக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. பின்னர் 1939 ஜூலை 8-இல் வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் அழைத்துச் சென்றவர்களுள், கக்கன் முதலிய ஒடுக்கப்பட்ட வகுப்பினரோடு விருதுநகர்ச் சண்முக நாடாரும் இருந்தார். ஒரே நாளில் ஒரே வாயிலில் நுழைந்த நாம், உடன் நுழைந்தவர்க்கு நம் வீட்டு வாயிலை அடைப்பது நியாயமாகுமா?

நமக்குச் செய்யப்பட்ட கொடுமையை நம் விழா மேடைகள் ஆண்டுதோறும் கூறுகின்றன. நாம் பிறர்க்குச் செய்வதைக் கூறுவதில்லை. கதையோ பிள்ளையைப் பிறர் நிலையில் நிறுத்திவிடுகிறது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) என்னும் நாவலில், பண்ணையில் ஆடு மேய்க்கும் சிறுவனும் பண்ணையார் மகனும் ஒன்றாய் விளையாடுகின்றனர். ஆயினும் ஒருவன் ஏவுபவன், மற்றவன் ஏவப்படுபவன் என்பது அவ்விளையாட்டினூடும் வந்து நிற்கிறது. படிக்கும் நம் சிறுவன், இவ்விருவருள் தான் யார் என்று தன்னையே கேட்பான்.

இத்தகைய கதைகள் பழம்பகையைக் கிளறும் என்று அஞ்சுவோர் உளர். மூடிவைத்த புண் ஆறுவதில்லை, புழுவே வைக்கும். எம் இல்லத்தில் பகை விளையவில்லை. அந்த டம்ளர் மற்றவற்றோடு கலந்துவிட்டது. எது அதுவென்று இன்று எமக்கே தெரியாது. ஆனால் முதல் நாள் வீட்டு டம்ளரில் காப்பி நீட்டியபோது, அம்மூதாட்டி வாங்கத் தயங்கிக் கையைப் பின்னிழுத்தார். அத்தயக்கமே நம் குற்றத்தின் அளவு.

ஆதலின் சங்கத்தாரிடம் யாம் வேண்டுவன இரண்டு. பரிசளிப்பு விழாவில் பாத்திரங்களுக்குப் பதிலாக இத்தகைய நூல்களை மாணாக்கர்க்கு வழங்குக. சங்கத்து வாசகசாலையை ஊரின் எல்லாத் தெருச் சிறுவர்க்கும் திறந்து வைத்து, அனைவரையும் ஒரே பாயில் அமர்த்திப் படிக்கச் செய்க.

கருக்கு கையை அறுக்கும். ஆயினும் அறுபட்ட கையே பனையேறியின் வலியை அறியும். நம் பிள்ளைகள் அவ்வலியை அறிந்து வளர்வார்களாக.