வகுப்பறையில் காலம் போற்றுதல்

(சமய வகுப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழ்ப்பள்ளியில் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றபின், இப்போது நம் கோயிலின் சமய வகுப்பில் தொண்டு செய்து வருகிறேன். வகுப்பை நேரத்தோடு நடத்துவது பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் அவர்கள் கேட்டுக் கொண்டார்கள். நேரத்தைப் பற்றிப் பேச வந்தவன் நேரம் தவறலாகாது. ஆகவே நேரே செய்திக்கு வருகிறேன்.

1980களின் நடுவில், ஜொகூரின் உட்பகுதியில் ஒரு சிறிய தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியனாகச் சேர்ந்தேன். மாணவர் தொகை குறைவு என்பதால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஓர் அறையில் அமர்த்திக் கற்பிக்க வேண்டியிருந்தது. பாடவேளை 30 நிமிடம். ஒரு பக்கத்தாருக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, மறுபக்கத்தாருக்கு வாசிப்பு நடத்த வேண்டும்.

கதை சொல்வதில் எனக்கு விருப்பம் அதிகம். பாடத்தின் தொடக்கத்தில் ஒரு கதை சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள், நான் இன்னொரு கதை சொல்வேன். பிறகு முன்வரிசையிலிருந்து வாசிப்பு தொடங்கும். கடைசி வரிசையை எட்டுமுன் மணி அடித்துவிடும். அங்கே அமர்ந்திருந்த ஒரு சிறுமியிடம், "நாளைக்கு நீ வாசிக்கலாம்மா" என்பேன். மறுநாளும் அதே கதைதான்.

ஆண்டு இறுதியில் அவளைத் தனியே அழைத்து வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டவே தடுமாறினாள். "ஏம்மா, தெரியவில்லை என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்தபடி, "என் முறை வரவே இல்லை சார்" என்றாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் சோம்பேறி அல்லள். ஒரு நாள்கூடப் பள்ளிக்கு மட்டம் போட்டவளும் அல்லள். அவளுக்குரிய நிமிடங்களை நான்தான் செலவழித்துவிட்டேன்.

அன்பர்களே, வகுப்பில் நேரம் குறைந்தால் அது எல்லாருக்கும் சமமாகக் குறைவதில்லை. முந்திக் கொள்ளும் பிள்ளை தன் பங்கை எப்படியும் பெற்றுவிடும். மெதுவாகக் கற்கும் பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை, இவர்கள் பங்குதான் பறிபோகும். கால அட்டவணை என்பது ஆசிரியரைக் கட்டும் கயிறு என்று அதுவரை எண்ணியிருந்தேன். கடைசி வரிசைப் பிள்ளைக்கு அது வேலி என்பதை அன்று உணர்ந்தேன்.

அதன்பின் சில பழக்கங்களை மேற்கொண்டேன். கடிகாரத்தைக் கரும்பலகைக்கு மேலிருந்து கழற்றி, என் கண்ணில் படும்படி எதிர்ச் சுவரில் மாட்டினேன். வாசிப்பை ஒரு நாள் முன்வரிசையிலும் மறுநாள் பின்வரிசையிலும் தொடங்கினேன். விட்ட இடத்தைக் குறித்து வைத்து, அடுத்த நாள் அங்கிருந்தே தொடர்ந்தேன்.

இங்கு நம் சமய வகுப்பின் ஒரு மணி நேரத்தையும் அவ்வாறே பங்கிட்டுள்ளோம். இறைவணக்கம் 5 நிமிடம்; சென்ற வாரப் பாடத்தை நினைவுகூர 10; புதுப் பாடம் 15; பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாடவும் வாசிக்கவும் 25; முடிவுரை 5. ஆசிரியர் பேசும் நேரத்தைவிடப் பிள்ளைகள் வாய் திறக்கும் நேரம் கூடுதலாக இருப்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஜொகூரில் வாழும் நமக்குக் காலமாற்றம் புதிதல்ல. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணியானபோது தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி 12 ஆக்கினோம். நம் மாநிலத்தில் வார விடுமுறையும் மாறி மாறி வந்துள்ளது. 1994இல் சனி, ஞாயிறு ஆயிற்று. 2014 முதல் வெள்ளி, சனி ஆயிற்று. 2025 ஜனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆகியிருக்கிறது. இடைப்பட்ட அந்தப் பதினோராண்டுகளில் சிங்கப்பூரில் வேலை செய்த பல பெற்றோருக்குச் சனி, ஞாயிறு ஓய்வு. பிள்ளைகளுக்கோ வெள்ளி, சனி. குடும்பம் ஒன்றாக இருக்கக் கிடைத்தது ஒரே நாள்தான். அந்த நாளிலும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிப் பிள்ளைகளை இங்கே அனுப்பினார்கள். அதை வீணாக்க நமக்கு என்ன உரிமை உண்டு?

கோயிலில் காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தசாமம் என்று பூசைக்குக் காலம் வகுத்திருக்கிறார்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் குருக்கள் உரிய வேளையில் தீபம் காட்டுகிறார். பிள்ளைகளின் வகுப்பையும் அப்படி ஒரு காலபூசையாகக் கருதலாகாதா? திருவள்ளுவர் பெருமான் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்துத் தந்திருக்கிறாரே!

எனவே உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளைப் பத்து நிமிடம் முன்னதாக அழைத்து வாருங்கள். தாமதமாக வருவோருக்காகக் காத்திருந்தால், நேரத்தோடு வந்த பிள்ளைக்குத்தான் தண்டனை. நிர்வாகத்தினரே, பிரமுகர்களை வரவேற்கவும் விழா ஏற்பாட்டுக்கும் என்று வகுப்பு நேரத்தையும் மண்டபத்தையும் எடுத்துக் கொள்ளாதிருங்கள். உபயக்காரர்களே, அன்னதானமும் அபிஷேகமும் உங்கள் கொடையால் சிறப்பாக நடக்கின்றன. அதோடு வாரம் ஒரு மணி நேரத்தையும் உபயமாகத் தாருங்கள். ஆசிரியர் ஒருவர் புதுப் பாடம் நடத்தும்போது, இன்னொருவர் பின்வரிசையில் அமர்ந்து தடுமாறும் பிள்ளைக்குத் துணை நின்றால் போதும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும்.

எந்தப் பிள்ளையும் "என் முறை வரவே இல்லை" என்று சொல்லாதபடி இந்த வகுப்பை நடத்த அம்பாள் நமக்கு அருள் புரிவாளாக.

எனக்குத் தந்த பத்து நிமிடமும் முடிகிறது. அடுத்துத் தேவாரம் பாடப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அவர்கள் நேரத்தை எடுத்துக் கொள்ளாமல், விடைபெறுகிறேன்.