கைவராத காரியம்

நம்மிடையே ஒருவகை இளைஞர் உளர். அறிவிலே குறைந்தவர் அல்லர்; நூலொன்றின் பொருளைக் கேட்டால் தெளிவுற எடுத்துரைப்பர். ஆயினும், விருந்தினருக்கு அவர் கொண்டுவரும் தேநீர் தட்டிலே சிந்திவிடும். சட்டைப் பொத்தான் ஒரு துளை மாறி ஏறிவிடும். அவர் துவிச்சக்கர வண்டி பழகுவதற்குள் தம்பிமார் பழகிவிடுவர். 'கவனமில்லாதவன்', 'சோம்பேறி' என்பன வீட்டாரும் அயலாரும் அவருக்குச் சூட்டும் பெயர்கள். தம் நிலையை அவர் விளக்க முற்பட்டாலோ, 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்ற பழமொழி ஆயத்தமாக இருக்கும்.

இத்தகையோருட் சிலரிடம் காணப்படுவது குணக்குறை அன்று. 'டிஸ்பிரக்ஸியா' எனப்படும் நிலையாகும். கிரேக்க மொழியிலே 'பிரக்ஸிஸ்' என்பது செயல். 'டிஸ்' என்னும் முன்னொட்டு இடர்ப்பாட்டைக் குறிக்கும். 1937ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஓட்டன் பிள்ளைகளிடத்துள்ள இத்தடுமாற்றத்தைப் பற்றி எழுதினார். 1987இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் நோய்ப் பகுப்பு நூலில் இது தனிப்பெயருடன் இடம்பெற்றது. பாடசாலைப் பருவத்தினருள் 100 பேரில் 5 அல்லது 6 பேருக்கு இது உண்டென மதிப்பிடுகின்றனர். அவருட் பாதிப்பேருக்கேனும் பிள்ளைப் பருவத்துடன் இது நீங்குவதில்லை.

நாம் ஒரு செயலைப் பலமுறை செய்தபின் அது பழக்கமாகிவிடுகிறது. மனம் வேறெதையோ எண்ணியிருக்க, கை தன் வேலையைச் செய்கிறது. இவர்களுக்கோ ஒவ்வொரு நாளும் அச்செயல் ஏறக்குறையப் புதியதே. நமக்குச் சிந்தனை வேண்டாத இடத்தில் அவர்கள் சிந்தித்தே கையை நகர்த்துகின்றனர். ஆகவே, சோம்பேறி எனப்பட்டவர் உண்மையில் நம்மினும் மிகுதியாக உழைத்தவராவர். மாலையில் அவர்கொள்ளும் களைப்பின் காரணம் இதுவே.

சிறுவயதில் தாயார் பொத்தானைத் திருத்திவிடுவார். பதினெட்டு வயதின் பின்னரோ விடுதி வாழ்க்கை, சமையல், வாகனம் ஓட்டுதல், தொழில் ஆகியன ஒருங்கே வந்து நிற்கின்றன. காரியங்களை வரிசைப்படுத்துவதும் நேரத்தைக் கணிப்பதும் பலருக்குக் கடினமாகின்றன. எனினும், தடுமாற்றத்தினும் கொடியது நாணம். விருந்துக்குப் போகாமலும் விளையாட்டில் இறங்காமலும், தகுதியிருந்தும் தொழிலுக்கு விண்ணப்பிக்காமலும் ஒதுங்கிவிடுவோர் உண்டு. நாம் அஞ்சவேண்டிய நட்டம் இதுவேயன்றிச் சிந்திய தேநீர் அன்று.

இதனை அறவே நீக்கும் மருந்தில்லை. ஆனால் வழி உண்டு. கனடாவிலே உருவான பயிற்சிமுறையொன்று நான்கு படிகளைக் கூறுகிறது: இலக்கை வகு, வழியைத் திட்டமிடு, செய்து பார், சரிபார். தேநீரையே எடுத்துக்கொள்வோம். கோப்பையை முக்காற்பங்கு நிரப்பலாம். தட்டை இரு கைகளாலும் உடலுக்கு அருகே பிடிக்கலாம். வழியிலுள்ள கதிரையை முன்னரே அகற்றலாம். மீண்டும் சிந்தினால், எவ்விடத்தில் சிந்தியது என்று பார்த்து அந்த ஒன்றை மாற்றலாம். 'கவனமாக இரு' என்னும் அறிவுரையால் ஆகாதது, இவ்வாறு கூறுபடுத்திப் பழகுவதால் ஆகக்கூடும். கையெழுத்து இடர்தந்தால் தட்டச்சும், மறதி வருத்தினால் எழுதிவைத்த பட்டியலும், வாகனம் பழகுவோர்க்குத் தானியங்கிக் கியர் உடைய வண்டியும் உதவும்.

ஒன்றை மறத்தலாகாது. இந்நிலை சிறுவயது முதலே இருப்பது. நன்றாக இயங்கிய கை இளமையிற் புதிதாகத் தடுமாறத் தொடங்கினால், தாமதியாது வைத்தியரிடம் செல்லவேண்டும். எந்நிலையிலும், பெயரிட்டு உறுதிசெய்வது வைத்தியரின் பணியேயன்றி அயலாரின் பணியன்று.

ஹரி பொட்டர் திரைப்படங்களில் நடித்த டேனியல் ராட்க்ளிஃபுக்கு இந்நிலை இலேசாக உண்டென்பது 2008இல் வெளியாயிற்று. சப்பாத்து நாடா முடிவதும் அவருக்கு இடராக இருந்ததாம். அவரே 2011இல் நியூயோர்க் நகரின் பிரோட்வே அரங்கில் இசைநாடகமொன்றில் ஆடிப் பாடி நடித்தார். எல்லோரும் அரங்கேறவேண்டும் என்பதில்லை. தத்தம் காரியத்தைத் தத்தம் வழியிற் செய்து, நாணமின்றி வாழ்ந்தாற் போதும்.

பெற்றோரே, ஆசிரியரே, உங்கள் பிள்ளை அடுத்தமுறை எதையேனும் கைநழுவ விட்டால், 'ஏன் விட்டாய்?' என்று வினவாதீர்கள். 'எவ்விடத்தில் கடினமாக இருந்தது?' என்று கேளுங்கள். முதல் வினாவுக்கு அப்பிள்ளையிடம் விடை இல்லை, இரண்டாவதற்கு உண்டு.