கல்வி அமைச்சர்கள் இருவரும் நம் ஊர்ப் பள்ளிக்கூடமும்

பள்ளிக்கூடத்து மதிய உணவு என்றதும் காமராசர்தான் நினைவுக்கு வருவார். வரவேண்டியதுதான். அவர் அமைச்சரவையில் கல்விப் பொறுப்பை ஏற்றிருந்தவர் பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்துச் சி. சுப்பிரமணியம். அவருக்கும் முன்னால், 1946 முதல் 1949 வரை, சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். இருவருமே அன்றைய கோவை மாவட்டத்துக்காரர்கள். இவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாம் போதுமான அளவு சொல்லவில்லை.

அவினாசிலிங்கம் 1930-இல் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்டவர்கள் கோயிலுக்குள் கால் வைக்க முடியாத காலம் அது. வித்யாலயத்திலோ எல்லாச் சாதிப் பையன்களும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். 1934-இல் பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெ. தூரன் அங்கே ஆசிரியராக இருந்தார். பின்னாளில் அவினாசிலிங்கம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபோது, கலைக்களஞ்சியம் தயாரிக்கும் பொறுப்பு அந்தத் தூரனிடம்தான் வந்தது. பத்துத் தொகுதிகள்! அறிவியலும் வரலாறும் தமிழில் படிக்கக் கிடைக்க வேண்டும் என்ற பிடிவாதம் இருவருக்கும் இருந்தது. அதை இன்று நினைத்தாலும் மனம் நிறைகிறது.

அடுத்து, சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்த ஐம்பதுகளின் பிற்பாதி. ஆடு மாடு மேய்க்கவும் தோட்டத்தில் களை எடுக்கவும் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்த காலம். பசித்த வயிற்றோடு யார் பள்ளிக்கு வருவார்கள்? 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. தொடக்கத்தில் அதன் செலவில் ஒரு பங்கை ஊர்மக்களே ஏற்றுக்கொண்டார்கள். கல்வித்துறையை நடத்திய நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டினார். மக்கள் பெஞ்சும் கடிகாரமும் குடிநீர்ப் பானையும் கொண்டுவந்து கொடுத்தார்கள், சிலர் இடமே எழுதிக் கொடுத்தார்கள். அரசு பாதி, ஊர் பாதி என்று வளர்ந்தவை நம் பள்ளிகள்.

ஊரின் அந்தப் பங்குக்கு இன்றும் இடம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். பாதிப்பேர் பெண்கள். உங்கள் பிள்ளை அங்கே படித்தால் அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். நீங்களே அங்கே படித்தவரென்றால், ஒருநாள் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்து, பள்ளிக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.