பைக்குப் பெயருண்டு, பாவைக்குப் பெயரில்லை

(திங்கட் கூட்டத்தில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க நாட்டுக் கருப்பின இளைஞர் ஆக்கிய 'ராப்' என்னும் சொல்லிசை இற்றை நாளில் தமிழ்நாட்டுத் தெருக்களிலும் ஒலிக்கின்றது. தமிழ்வீட்டுப் பிள்ளைகள் அதன் சொற்பொருளை அறியாராயினும் அதன் தாளத்துக்குத் தலையசைக்கின்றனர். பெரியவர்களோ 'வெறுங் கூச்சல்' என்று காதைப் பொத்திக்கொள்கின்றனர். காதைப் பொத்திக்கொண்டவர் ஒன்றைப் பழிக்கவும் முடியாது, புகழவும் முடியாது. அப் பாடல்களுள் ஒரு வகை மட்டும் இங்கு ஆராயப்பெறும். காதலிக்கு இன்ன வண்டி வாங்கிக் கொடுத்தேன், இன்ன கடைக் கைப்பையை அவள் தோளில் மாட்டினேன், இத்துணைக் காசை ஓரிரவில் இறைத்தேன் என்று பாடகன் பறைசாற்றும் வகை அது.

இவ் விசை பிறந்த இடமும் நாளும் நன்கு தெரிந்தவை. 1973-ஆம் ஆண்டு ஆகசுட்டு 11-ஆம் நாள், நியூயார்க்கு நகரின் பிராங்க்சுப் பகுதியில், செட்சுவிக்குச் சாலை 1520-ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நடந்தது. சமேக்காத் தீவினின்று குடியேறிய கிளைவு காம்பெல் என்னும் இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். 'கூல் எர்க்கு' என்பது அவர் பூண்ட பெயர். விருந்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி. பள்ளி திறக்கும் வேளை. புத்தாடைக்குப் பணம் வேண்டியிருந்தது. அதற்காகவே அவ் விருந்து. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 செண்டு, ஆண்களுக்கு 50 செண்டு. ஓர் எளிய குடும்பத்துப் பெண் தன் உடைக்குத் தானே பொருளீட்ட முனைந்த நிகழ்ச்சியில்தான் இக் கலை கண்விழித்தது. இதனைக் கேட்போர் மறவாதிருத்தல் வேண்டும்.

அன்றைய பிராங்க்சு செல்வச் செழிப்புள்ள இடமன்று. 1948 முதல் 1972 வரை கட்டப்பெற்ற விரைவுச்சாலை ஒன்று அதன் குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றது. தொடர்ந்து தெருத்தெருவாக வீடுகள் எரிந்தன. 1982-இல் வெளிவந்த 'தி மெசேசு' என்னும் பாடல் அவ் வறுமையை உள்ளது உள்ளபடி பாடியது. ஆனால் அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1979-இல் இவ் விசையை நாடறியச் செய்த 'இராப்பர்சு டிலைட்டு' என்னும் பாடலில் வண்ணத் தொலைக்காட்சியும் இரண்டு பெரிய மகிழுந்துகளும் வந்துவிட்டன. பாடியவர் வாசலில் அவை நின்றனவா என்று எவரும் கேட்கவில்லை. இல்லாதவன் வாயில் உள்ளவன் பேச்சு இயல்பாகவே வரும்.

இப் பெருமிதத்தை வெறும் ஆரவாரமென்று தள்ளுதல் அறமாகாது. அதன் வேர் மிக ஆழமானது. அமெரிக்க நாட்டில் 1865 வரையில் கருப்பின மக்களே விலைப்பொருள்களாக இருந்தனர். அடிமைகளின் திருமணத்தை அந் நாட்டுச் சட்டம் ஏற்கவில்லை. மனைவி ஓர் ஊருக்கும் கணவன் ஓர் ஊருக்குமாக ஏலத்தில் விற்கப்பெற்றனர். காதலிக்கு ஒரு வளையல் கொடுக்கவும் அம் மாந்தனுக்குத் தன் உழைப்பின் பயன் உரிமையில்லை. விடுதலை வந்தபின் அவர்கள் என் செய்தனர்? ஆயிரக்கணக்கானோர் தம் திருமணங்களை முறைப்படி பதிந்தனர். விற்கப்பெற்ற மனைவியையும் மக்களையும் தேடி இதழ்களில் அறிவிப்பு விடுத்தனர். இன்ன பெயருடையாள், இன்னார் பண்ணையிலிருந்து இன்னார்க்கு விற்கப்பெற்றாள், கண்டவர் தெரிவிக்க என்னும் அவ் வறிவிப்புகள் பல்லாண்டுகள் வந்துகொண்டே இருந்தன.

அவர்களின் சிறுசேமிப்புக்கென 1865-இல் ஒரு வைப்பகம் தொடங்கப்பெற்றது. அதுவும் 1874-இல் மூடப்பெற்று, அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோரின் பணம் முடங்கியது. 1930-களில் நகரப் படங்களிற் செங்கோடு வரைந்து, கருப்பர் வாழும் பகுதிகளில் வீட்டுக்கடன் மறுத்தனர். வீடு வாங்கவும் நிலம் வாங்கவும் வழியடைக்கப்பெற்றவன் கையிற் காசு கிடைத்தால் எங்கே காட்டுவான்? மேனியிற் காட்டுவான், மனைவி கழுத்திற் காட்டுவான், வண்டியிற் காட்டுவான். 'ஒருகால் விலைக்கு விற்கப்பெற்றவன் இன்று விலை கொடுத்து வாங்குகின்றான்' என்பதே அப் பாடலின் அடிக்குரல். அக் குரலைக் கேளாமல் எள்ளுவது, பசித்தவன் விரைந்துண்பதை எள்ளுவது போன்றது.

இவ்வளவும் ஒப்பிய பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. வாங்குவது யாரிடம்?

ஆர்லெமில் தானியல் டே என்னும் கருப்பினத் தையற்கலைஞர் 1982 முதல் ஒரு கடை நடத்தினார். ஐரோப்பியப் பெருங்கடைகளின் முத்திரைகளைத் தோலிற் பொறித்துச் சொல்லிசைக் கலைஞர்க்கும் அவர்தம் துணைவியர்க்கும் புதுமையான உடைகள் தைத்தார். முத்திரைக்குரிய முதலாளிகள் வழக்கெடுக்க, 1992-இல் அக் கடை மூடப்பெற்றது. கால் நூற்றாண்டு கழிந்து 2017-இல் இத்தாலியின் குச்சி நிறுவனம் அவருடைய பழைய மேலுடை ஒன்றைப் போலவே தன் உடையை அரங்கேற்றியது. கண்டனம் எழுந்தபின் அவரையே கூட்டாளியாக்கிக்கொண்டது. 

தேறலின் கதையும் அதுவே. உருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்காக 1876-இல் வடிக்கப்பெற்ற 'கிரிசுட்டல்' என்னும் பிரெஞ்சு நுரைத்தேறலைச் சொல்லிசைக்காரர் தம் பாட்டில் ஓயாது புகழ்ந்தனர். அதற்கென அவர் பெற்ற கூலி ஒன்றுமில்லை. 2006-இல் ஓர் ஆங்கில இதழ், இவர்களின் புகழ்ச்சியால் உங்கள் சரக்கின் மதிப்புக் குன்றாதா என்று அந் நிறுவனத் தலைவரைக் கேட்டது. வாங்குவோரைத் தடுக்க எம்மால் இயலாதே என்னும் கருத்துப்பட அவர் மறுமொழி சொன்னார். சே-சீ என்னும் பெயரிற் பாடும் சான் கார்ட்டர் அதில் இகழ்ச்சியைக் கண்டு அத் தேறலைத் துறந்தார். 2014-இல் வேறொரு பிரெஞ்சுத் தேறல் நிறுவனத்தைத் தாமே வாங்கினார். 2021-இல் அதிற் பாதியை மற்றொரு பிரெஞ்சுப் பெருநிறுவனத்துக்கு விற்றார். தன்மானத்தில் தொடங்கிய செயல் கணக்குப் புத்தகத்திற் சென்று முடிந்தது. அதனைக் குற்றமென்பதற்கில்லை, வாணிகம் அவ்வாறுதான் நடக்கும்.

பாட்டுக்கு வருவோர் ஒரு பாட்டின் மூன்று பிறப்பைக் காணல் வேண்டும். 1954-இல் கருப்பினத் திருச்சபைப் பாடகர் குழுவொன்று இயேசுவைப் போற்றி ஒரு பாடல் பாடியது. அதே ஆண்டின் இறுதியில், கண்ணொளி இழந்த பெருங்கலைஞர் இரே சார்லசு அம் மெட்டைக் காதற்பாட்டாக மாற்றினார். ஊரின் மறுபுறத்தில் தனக்கொரு பெண் இருப்பதாகவும், முட்டுப்பாட்டு வேளையில் அவளே தனக்குப் பணம் தந்து தாங்குவதாகவும் பாடினார். ஐம்பதாண்டுக்குப் பின், 2005-இல், கான்யே வெசுட்டு என்பவர் அப் பாட்டையே அடித்தளமாக்கி 'கோல்டு டிக்கர்' என்னும் சொல்லிசையை வெளியிட்டார். பணம் பறிப்பதற்கெனவே ஆடவரை அணுகும் பெண்ணைப் பழிக்கும் தொடர் அத் தலைப்பு. அதன் தொடக்கத்திற் பழைய அடி தலைகீழாகத் திருப்பப்பெற்றது. கொடுத்த பெண் எடுக்கும் பெண்ணானாள்! கடவுள் இருந்த இடத்தில் காதலி வந்தாள். கொடுக்கும் காதலி இருந்த இடத்திற் பறிக்கும் காதலி வந்தாள். மெட்டு மட்டும் மாறவேயில்லை. அப் பாட்டுப் பத்துக் கிழமைகள் அமெரிக்கப் பாடல் வரிசையின் முதலிடத்தில் இருந்தது.

காதலிக்குச் செலவிட்டேன் என்னும் பாட்டும், காதலி என்னைச் சுரண்டினாள் என்னும் பாட்டும் ஒரே நாணயத்தின் பூவும் தலையுமே. விலை கொடுத்தவன் நெஞ்சில் ஐயமும் உடன் குடியேறும். இதனை அக் கலைஞரே அறிவர். 'ஐம்பது செண்டு' என்று பெயர் பூண்ட கர்ட்டிசு சாக்சன் 2003-இல் பாடிய 'இருபத்தொரு கேள்விகள்' என்னும் பாட்டே சான்று. தான் சிறை புகுந்தால், நல்ல வண்டி போய்ப் பழைய ஓட்டை வண்டியே மிஞ்சினால், அப்பொழுதும் தன்னை விரும்புவாயா என்று அதில் அவர் கேட்டுக்கொண்டே செல்கின்றார். செல்வத்தைப் பாடியே செல்வரான ஒருவர் அச் செல்வம் நீங்கிய நாளை எண்ணி அஞ்சுகின்றார். இவ் வகைப் பாடல்கள் அனைத்தினும் மாந்த நெஞ்சம் துடிப்பது அதிலேதான்.

பெண்பாலார் வாளாவிருந்தாரல்லர். 1999-இல் 'டெசுட்டினிசு சைல்டு' என்னும் மகளிர் இசைக்குழு, தம் வண்டியையும் பணத்தையும் தின்று தீர்க்கும் ஆடவனை நோக்கிக் கணக்குக் கேட்டுப் பாடியது. அதற்கு ஓராண்டு முன்னர், 1998-இல், இலாரின் இல் என்னும் பாடகி பெண்ணையும் ஆணையும் ஒருங்கே எச்சரித்துப் பாடினார். 2017-இல் கார்டி பி என்பார் செந்நிற அடித்தோல் வைத்த பிரெஞ்சுக் காலணியைத் தம் பணத்திலேயே வாங்குவதாகப் பாடிப் பெரும்புகழ் எய்தினார். வாங்கும் கை மாறிற்று. கடை மாறவில்லை.

இனித் தலைப்புக்குரிய செய்தி. பிரெஞ்சு நாட்டு எர்மெசு நிறுவனம் 1984-இல் ஒரு தோற்பை செய்து, சேன் பிர்க்கின் என்னும் ஆங்கில நடிகையின் பெயரை அதற்கு இட்டது. சொல்லிசைக்காரர் காதலிக்குத் தரும் பரிசுகளுள் அப் பையே இன்று தலையாயது. திரேக்கு என்னும் புகழ்மிக்க பாடகர், தாம் என்றேனும் மணக்கப்போகும் பெண்ணுக்கென அப் பைகளைச் சேர்த்து வருவதாக 2017-இல் ஒரு செவ்வியிற் கூறினார். பைகள் வந்துவிட்டன, பெண் வரவில்லை. சேன் பிர்க்கினுக்கெனச் செய்த முதற் பை 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பாரிசு நகரில் 86 இலக்கம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. இப் பாடல்களைச் செவிமடுப்போர் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துப் பெயர்களைக் குறித்துப் பார்க்கலாம். வண்டிக்குப் பெயர் இருக்கும். தேறலுக்கும் காலணிக்கும் கடிகைக்கும் இருக்கும். பரிசு பெறும் பெண்ணுக்கு மட்டும் பெரும்பாலும் இராது. விற்கப்பெற்ற மனைவியைத் தேடிய பழைய அறிவிப்புகளில் காசில்லை, பெயர் இருந்தது.

தமிழறிந்தார் இங்கே ஒரு தடை எழுப்புவர். அகப்பாடல்களிலும் தலைவன் தலைவியர்க்குப் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய நெறியன்றோ என்பர். உண்மையே. ஆயின் அங்குப் பெயர் மறைத்தது, அவ் வுணர்வு எல்லார்க்கும் உரியதாகும் பொருட்டு. பரிசுப்பொருளுக்கு விலைச்சீட்டும் அங்கில்லை. தலைவன் கொணரும் கையுறை தழையும் பூவுமே. அவையும் எம் மலையிலேயே உள்ளன என்று தோழி மறுத்தனுப்புதற்குத் துறையே உண்டு. பெயரும் விலையும் சேர்ந்து வரும் இடம் சிலப்பதிகாரம். மாதவியின் மாலையைக் கோவலன் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னுக்கு வாங்குகின்றான். அவன் செல்வம் கரைந்ததையும் இளங்கோவடிகள் மறைத்தாரல்லர். எனினும் மாலைக்குப் பெயரில்லை, மாதவிக்கு உண்டு. அவளுக்கு ஒரு நெஞ்சும் உண்டு. அவள் எழுதிய மடலும் உண்டு.

கருப்பின இளைஞர் செய்த அருஞ்செயல் ஒன்று தமிழர்க்கு மிகவும் வேண்டுவது. பள்ளிக்கூடங்கள் 'பிழையான ஆங்கிலம்' என்று இகழ்ந்த தம் தெருப்பேச்சை அவர்கள் விட்டாரல்லர். அதனிலேயே பாடி உலகை வென்றனர். அவ்வளவு பெரிய வெற்றியைப் பெற்ற நாவே பாரிசு, மிலான் நகரக் கடைகளின் பெயர்ப்பட்டியை ஒப்பிக்கின்றது என்பதுதான் இரங்கத்தக்கது.

தோட்டக் கூலிகளாகத் தமிழர் கொண்டுசெல்லப்பெற்ற மலேசிய மண்ணிலிருந்து, யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-இல் 'வல்லவன்' என்னும் தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பைக் கொணர்ந்தனர். அது முதல் தமிழிற் சொல்லிசை பாடும் இளைஞர் பெருகிவிட்டனர். 'சொல்லிசை' என்னும் சொல்லும் அவர்களிடையே வழங்குகின்றது. அவர்தம் காதற்பாட்டுகள் இனித்தான் பெருகும். அடுத்த திங்கட் கூட்டத்துக்கு வரும் இளைஞர் தாம் விரும்பிக் கேட்கும் தமிழ்ச் சொல்லிசைப் பாடல் ஒன்றனைக் கேட்டு, அதில் வரும் கடைப்பெயர்களை ஒருபுறமும் பெண்பெயர்களை மறுபுறமும் எழுதிக் கொணர்க. அவ் வேட்டை முன்வைத்தே அன்றைய கலந்துரையாடல் நடைபெறும்.