பிள்ளைகளின் கவனக் குறைபாடு: ஆராய்ச்சி காட்டும் வழி
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் சங்கங்களின் மரபு. அம்மரபினின்று சிறிது விலகி, பிள்ளைகள் உள்ள வீடு எதனையும் தொடக்கூடிய ஒரு மருத்துவப் பொருளைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். பிள்ளைகளின் கவனக் குறைபாடே அப்பொருள். மருத்துவர்கள் இதனை ஏ.டி.எச்.டி. என்னும் சுருக்கப் பெயரால் குறிப்பர். கவனம் நிலையாமையும் அளவு மீறிய துறுதுறுப்பும் கொண்ட வளர்ச்சிக் கோளாறு எனத் தமிழில் விரித்துக் கூறலாம்.

கணக்கைத் தொடங்குவான், முடிக்கமாட்டான். பென்சிலை நாள்தோறும் தொலைப்பான். பிறர் பேசி முடிக்குமுன் விடை சொல்லுவான். வகுப்பில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்கமாட்டான். இத்தகைய பிள்ளையை ஒரு வீட்டார் சோம்பேறி என்றும் அடங்காதவன் என்றும் ஏசி, அடித்துத் திருத்த முற்படுவர். மற்றொரு வீட்டாரோ, சிறு குறும்பைக் கண்டதுமே ஏதோ பெருநோய் வந்துவிட்டதென்று கலங்குவர். இவ்விரண்டும் பிள்ளைக்குத் தீங்கு செய்வன. இரண்டிற்கும் இடைப்பட்ட நேரிய வழி எது என்பதையே ஆராய்ச்சி நமக்குக் காட்டுகின்றது.

முதலில் கவனம் என்பது யாது? நாம் வாழும் மைசூரு நகரம் உளநூற் கல்விக்குப் பழம்பெரும் இடம். 1924-ஆம் ஆண்டில் மகாராஜா கல்லூரியில் உளநூல் துறை தோன்றியது. அதனைக் கட்டி வளர்த்த பேராசிரியர் எம். வி. கோபாலசாமி அவர்களே, 1935-ஆம் ஆண்டில் இந்நகரில் வானொலி நிலையம் ஒன்றை நிறுவினார்; அது 'ஆகாசவாணி' என்னும் பெயர் பெற்றது. உளநூலும் வானொலியும் ஒருவர் கையில் வளர்ந்த ஊரில், கவனத்தை விளக்க வானொலிப் பெட்டியே தக்க உவமை ஆகும். திருகைச் சரியான இடத்தில் நிறுத்தினாலன்றிப் பாட்டுத் தெளிவாகக் கேளாது. பல நிலையங்களின் ஒலியும் வந்து மோதும். மூளையின் முன்பகுதி, பிற பகுதிகளோடு இணைந்து, வேண்டிய ஒன்றை நிறுத்தி வேண்டாதவற்றை விலக்குகின்றது. இக்கோளாறுடைய பிள்ளைக்குப் பெட்டி பழுதன்று, அறிவும் குறைவன்று. திருகுதான் நின்ற இடத்தில் நிற்பதில்லை.

இவ்வுண்மையை உலகம் ஒரே நாளில் உணர்ந்துவிடவில்லை. 1902-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இத்தகைய சிறுவர்களைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவர்களுள் அறிவு குன்றாதவரும் உளர் என்பதை அவர் கண்டார்; ஆயினும், ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றே அதற்குப் பெயரிட்டார். பின்னர் வந்தோர் மூளையில் நேர்ந்த சிறு ஊறு என்று கருதினர். 1968-இல் அமெரிக்க மனநல மருத்துவர் கழகத்தின் கையேடு இதனை மிகைத் துறுதுறுப்பு எனக் குறித்தது. 1980-இல்தான் கவனக் குறைபாடு என்னும் பெயர் முதன்மை பெற்றது. 1987-இல் இரண்டும் இணைந்து இன்றைய பெயர் பிறந்தது. பிள்ளையின் குற்றம் என்று தொடங்கிய பேச்சு, மூளை வளர்ச்சியின் போக்கு என்று முடிவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

இனி, காரணங்களைக் காண்போம். இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டு நிகழ்த்திய ஆராய்ச்சிகள், மக்களிடையே இக்கோளாற்றில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு மரபுவழிப்பட்டது என்று காட்டுகின்றன. ஆயினும் ஒரே ஒரு மரபணு இதற்குப் பொறுப்பன்று. 2023-ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, மரபுக் கூறுகளில் 27 இடங்களை இதனோடு தொடர்புபடுத்தியது. அவை ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. பல சேர்ந்தே விளைவைத் தருகின்றன. குறைமாதப் பிறப்பும், மிகக் குறைந்த பிறப்பெடையும், ஈய நஞ்சும் இக்கோளாறு வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. சர்க்கரை தின்பதால் பிள்ளை துள்ளுகின்றது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. 1990-களில் நிகழ்ந்த கட்டுப்பாடான சோதனைகளில் அதற்குச் சான்று கிட்டவில்லை. தாயின் வளர்ப்புக் குறையால் இது பிறப்பதில்லை என்பதை இங்குள்ள தாய்மார்கள் மனத்தில் இருத்தல் வேண்டும். வளர்ப்பு முறை பிள்ளையின் துன்பத்தைக் குறைக்கலாம், கூட்டலாம்; ஆனால் கோளாற்றின் வேர் அதுவன்று.

2007-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய மனநல நிலையத்தார், இக்கோளாறுடைய 223 சிறாரையும் இல்லாத 223 சிறாரையும் ஒப்பிட்டு, மூளைப் புறணியின் வளர்ச்சியை அளந்தனர். புறணி தன் முழுத் தடிப்பை அடையும் வயது ஏனையோர்க்கு ஏறத்தாழ ஏழரை, இப்பிள்ளைகளுக்கோ பத்தரை. வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, காலமே தாழ்ந்தது. தாமதமாய்ப் பூக்கும் மரத்தை வெட்டி எறிவார் எவரும் உண்டோ?

ஆனால், வகுப்பில் கவனிக்காத பிள்ளைகள் யாவரும் இக்கோளாறு உடையவர் அல்லர். இதனை உறுதிசெய்யும் இரத்தச் சோதனையோ மூளைப் படமோ இன்றுவரை இல்லை. மருத்துவர் பெற்றோரையும் ஆசிரியரையும் வினவி, பிள்ளையை நேரில் ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும். 2013-இல் வெளியான அமெரிக்கக் கையேட்டின்படி, கவனமின்மைக்கு ஒன்பது அறிகுறிகளும், துறுதுறுப்புக்கும் பதற்றச் செயலுக்கும் ஒன்பது அறிகுறிகளும் உண்டு. சிறார்க்கு ஏதேனும் ஒரு தொகுதியில் ஆறேனும் காணப்படல் வேண்டும். அவை ஆறு மாதமேனும் நீடித்திருத்தல் வேண்டும். பன்னிரண்டு வயதிற்கு முன்பே சில தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலேனும் காணப்படல் வேண்டும். வாழ்க்கைக்கு இடையூறாகவும் இருத்தல் வேண்டும். பள்ளியில் மட்டுமே தோன்றி வீட்டில் தோன்றாத குறைக்குப் பள்ளியிலேயே காரணம் தேடுதல் தகும்.

இக்கோளாறு எத்துணைப் பேர்க்கு உண்டு என்னும் கணக்கிலும் நிதானம் வேண்டும். உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து சிறார் என மதிப்பிட்டனர். நம் கோயம்புத்தூரில் 770 பள்ளிச் சிறாரிடம் நிகழ்த்தி, 2013-இல் வெளியிட்ட ஆய்வோ 11.32 விழுக்காடு என்றது. அளக்கும் கோல் மாறினால் அளவும் மாறும். கனடா நாட்டில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சிறாரின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு மேலும் சிந்திக்கத் தக்கது. அங்கே பள்ளிச் சேர்க்கைக்கு ஆண்டின் இறுதி நாளே எல்லை. ஆதலால் டிசம்பரில் பிறந்தோரே வகுப்பில் இளையோர். சனவரியில் பிறந்த சிறுவரைவிட டிசம்பரில் பிறந்த சிறுவர்க்கு இக்கோளாறு உண்டென முடிவுசெய்யப்பட்டது 30 விழுக்காடு மிகுதி. வயதில் இளைமையே சிலரிடத்து நோயெனக் கொள்ளப்பட்டது என்பது இதனால் விளங்கும். பிள்ளையை விரைந்து பள்ளியிற் சேர்க்கும் ஆர்வமுடைய நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். இதற்கு மாறான பிழையும் உண்டு. ஓடியாடாது, சன்னலோரம் அமைதியாய்க் கனவு காணும் பெண்பிள்ளையிடத்தும் இக்கோளாறு இருக்கலாம். தொல்லை தராத காரணத்தால் அவளை எவரும் கவனிப்பதில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நமக்குத் தனிப்பட ஒரு செய்தி உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என மூன்று மொழிகளிடையே நம் பிள்ளை வளர்கின்றது. தமிழகத்திலிருந்து அண்மையில் வந்த சிறுமி, ஆசிரியை சொல்வது விளங்காமல் விழித்திருக்கலாம். அது கவனக் குறைபாடு அன்று. மொழி இன்னும் பழகாமையே. காது மந்தமும், கண்பார்வைக் குறையும், உறக்கக் குறைவும், வீட்டுக் கவலையும் இக்கோளாறு போலவே தோன்றும். ஆதலால் முதற்கண் செவியையும் கண்ணையும் சோதித்தல் முறை. இதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1965-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் நம் மானசகங்கோத்ரியிலேயே இருக்கின்றது. செவிப்புலன், பேச்சு, மொழி வளர்ச்சி ஆகியவற்றை அங்கே சோதிக்கின்றனர். மேல் மருத்துவத்திற்குப் பெங்களூரில் நிம்ஹான்ஸ் என வழங்கும் தேசிய மனநல நரம்பியல் நிலையம் உண்டு.

தமிழை வீட்டில் விட்டுவிட்டால் பிள்ளை தெளிவடையும் என்று அறிவுரை கூறுவோர் உளர். பல மொழி கேட்பதால் கவனக் குறைபாடு உண்டாகும் என்பதற்குச் சான்று இல்லை. தாயோடும் பாட்டியோடும் பிள்ளை மனம்விட்டுப் பேசும் மொழியைப் பறித்தல், நோய்க்கு மருந்தாகாது. புதியதொரு துன்பமே ஆகும்.

சிகிச்சைக்கு வருவோம். 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், பென்செட்ரின் என்னும் ஊக்க மருந்தை 30 சிறார்க்குக் கொடுத்தார். அவர்களுள் பாதிப்பேரிடம் பள்ளி வேலையில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டார். ஊக்க மருந்து துறுதுறுப்பை அடக்குவது எங்ஙனம் என வியப்புத் தோன்றும். மூளையின் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோப்பமின், நாரட்ரீனலின் என்னும் பொருள்களை அது மிகுவிக்கின்றது; திருகைப் பிடித்து நிறுத்தும் வலிமை பெருகுகின்றது. 1944-இல் ஆக்கப்பெற்ற மெத்தில்பெனிடேட் இன்று பெரிதும் வழங்கும் மருந்து. பசிக் குறைவும் உறக்கக் குறைவும் இதனால் நேரலாம். ஆகவே உயரம், எடை, நாடி, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் அவ்வப்போது பார்த்தல் வேண்டும். நம் நாட்டில் இது சட்டக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. அண்டை வீட்டுப் பிள்ளைக்குத் தந்த மாத்திரையை நம் பிள்ளைக்கு வாங்கித் தருதல் பெருந்தீங்கு.

மருந்து மட்டும் போதுமா? 1999-இல் அமெரிக்காவில் 579 சிறாரை நான்கு பிரிவாக்கி, 14 மாதம் ஆராய்ந்தனர். கருத்தோடு கண்காணித்துத் தந்த மருந்து, கோளாற்றின் அறிகுறிகளைப் பயிற்சியைவிட நன்கு குறைத்தது. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தபோது வேறு சில நலன்களும் விளைந்தன. குறைந்த அளவு மருந்தும் போதியதாயிற்று. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோதோ, பிரிவுகளிடையே வேறுபாடு காணப்படவில்லை. மருந்து ஊன்றுகோலே அன்றி, நடை அன்று என்பது இதன் கருத்து. ஆறு வயதிற்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் பயிற்சியே முதற்சிகிச்சை.

அப்பயிற்சி மலையைக் கல்லும் செயலன்று. பெரிய வேலையைச் சிறு சிறு பகுதியாய்ப் பிரித்துக் கொடுத்தல். ஒரு நேரத்தில் ஒரு கட்டளையே இடுதல். நாளின் ஒழுங்கைச் சுவரில் எழுதி ஒட்டுதல். நன்று செய்த அந்நொடியே பாராட்டுதல். வகுப்பில் முன் வரிசையில் இடம் கேட்டு வாங்குதல். ஓடியாட நேரம் தருதல். ஐயமுடைய பெற்றோர், பிள்ளை எப்போது, எங்கே, எதில் தடுமாறுகின்றது என்பதை ஒரு நோட்டில் எழுதி வருக. வகுப்பாசிரியரிடமும் சில வரிகள் எழுதி வாங்கி, இரண்டையும் மருத்துவரிடம் காட்டுக. கன்னடம் தெரியாத தாய், தெரிந்த அண்டை வீட்டாரை உடன் அழைத்துச் செல்லத் தயங்கலாகாது. அத்துணைக்குச் செல்வது நம் சங்கத்தார் ஒவ்வொருவர்க்கும் கடமை.

அன்பர்களே! அடிபட்ட பிள்ளைக்குக் கவனம் வளர்வதில்லை, அச்சமே வளர்கின்றது. தான் எதற்கும் உதவாதவன் என்று பத்து வயதில் நம்பத் தொடங்கியவனை, இருபது வயதில் மீட்பது எளிதன்று. ஏசுமுன் காரணம் தேடுவோம். நோயென்று முடிவு கட்டுமுன் சோதித்து அறிவோம். நோயென்று தெளிந்தபின் நாணமின்றி மருத்துவம் செய்வோம்.  வாழ்க நம் பிள்ளைகள்! வளர்க நம் சங்கம்!